வீடு திரும்பாத மனம்

மாலை ஆறரை மணிக்கு மத்தியச் செயலக நிலையத்தில் மெட்ரோ வண்டி ஏறுகிறோம். ஹௌஸ் காஸ் நிலையத்தில் மஞ்சள் தடத்திலிருந்து மெஜந்தா தடத்துக்கு மாறுகிறோம். முனிர்காவில் இறங்கி, அடுக்கு வீடுகளின் இடையே நடந்து, கதவைத் தட்டும்போது மணி ஏழே கால். கை கால் கழுவியாயிற்று. காப்பி வந்துவிட்டது. உடல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் மனம் எங்கே? அஃது இன்னும் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், பாதியில் நின்ற ஒரு பத்தியின் முன்னே உட்கார்ந்திருக்கிறது. மேலதிகாரி பிற்பகலில் கேட்ட ஒரு கேள்விக்கு அப்போது தோன்றாத விடையை இப்போது தேடிக்கொண்டிருக்கிறது.

தாயகம் விட்டு வந்த நமக்கு உடல் ஓரிடத்தும் மனம் ஓரிடத்துமாக வாழ்வது புதிதன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இருக்கும் நம்மவர்களின் மனம் நாள்தோறும் ஒருமுறையாவது ஊருக்குப் போய்த் திரும்புகிறது. அதில் துன்பமும் உண்டு, இன்பமும் உண்டு. ஆனால் மனத்தை மூன்றாவதாக ஓரிடம் பிடித்துவைத்துக்கொண்டால், வீட்டுக்கும் மனம் இல்லை, ஊருக்கும் மனம் இல்லை என்றாகிவிடுகிறது. இதனை நாங்கள் அறிந்துகொண்டது ஓர் இரவில்.

எங்கள் அன்னையார் கும்பகோணத்தில் இருக்கிறார். நாள்தோறும் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் பத்து நிமிடம் பேசுவார். வெளியூரில் வாழும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கிடைப்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான் என்பது நேயர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு நாள் அவர் பேசிக்கொண்டிருந்தபோது, மறுநாள் காலை தர வேண்டிய ஓர் அறிக்கையின் சொல்லொன்று மனத்தைக் குடைந்துகொண்டிருந்தது. அவர் சொல்வதற்கெல்லாம் ‘உம்’ கொட்டினோம். மறுநாள் இரவு, “கால் வலி எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதாப்பா?” என்றார். “எந்தக் கால் வலி, அம்மா?” என்று கேட்டோம். சிறிது நேரம் அந்தப் பக்கத்திலிருந்து பேச்சில்லை. பிறகு, “நேத்தே சொன்னேனே, கொல்லைப் படியிலே வழுக்கி விழுந்தேன் என்று” என்றார். நல்ல வேளையாக எலும்புக்கு ஊறு ஒன்றும் இல்லை. ஆயினும் அவர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. எங்களிடம் வந்து சேரவில்லை. அந்தக் குற்றவுணர்வு இன்றும் ஆறவில்லை.

இந்த நிலைக்கு ஒரு பெயர் உண்டா? இதனை அளக்க ஒரு கோல் உண்டா? உண்டு என்கின்றனர் உளவியலார். அந்த அளவுகோல் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் செல்லும்போது என்ன நேர்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அளவுகோலைக் காண்போம். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் கிராப்லி என்ற உளவியல் அறிஞரும் அவருடன் பணிபுரிந்தோரும், பணி நேரம் முடிந்த பின் பணியைப் பற்றி எண்ணுவதை அளப்பதற்கு ஒரு வினாப்படிவம் அமைத்தனர். அதில் 15 வினாக்கள், மூன்று பிரிவுகள், பிரிவுக்கு ஐந்து. முதற்பிரிவு, பணி நினைவு வந்து எரிச்சலும் பதற்றமும் சோர்வும் தருவதைப் பற்றியது. இரண்டாம் பிரிவு, பணியில் உள்ள சிக்கலுக்கு அமைதியாக வழி தேடுவதைப் பற்றியது. மூன்றாவது, பணி நினைவை அறவே விட்டு விலகியிருக்க முடிகிறதா என்பதைப் பற்றியது.

இந்தப் பாகுபாட்டில் ஒரு நுட்பம் இருப்பதைக் கவனியுங்கள். வீட்டில் இருந்துகொண்டு வேலையை நினைப்பது எல்லாமே தீமை என்று இவர்கள் கூறவில்லை. தச்சர் ஒருவர் இரவு உணவின்போது, நாளை எந்த மரத்தை எப்படி இழைப்பது என்று எண்ணி மகிழலாம். ஆசிரியர் ஒருவர் நடைப்பயிற்சியின்போது ஒரு பாடத்தை எளிதாக்கும் வழியைக் கண்டுபிடிக்கலாம். அந்தச் சிந்தனை அவரைக் களைப்படையச் செய்யாது. களைப்படையச் செய்வது, முடிவில்லாமல் ஒரே இடத்தில் சுற்றும் நினைப்பு. செக்கு மாடு எவ்வளவு நடந்தாலும் ஊர் போய்ச் சேராதது போன்றது அது. உடலுக்கும் அதில் பங்குண்டு. கவலை தரும் நிகழ்ச்சி முடிந்த பின்னரும், அதைப் பற்றிய நினைப்பு தொடரும் வரையில், இதயமும் நாடி நரம்பும் அந்நிகழ்ச்சி இன்னும் நடந்துகொண்டிருப்பதாகவே எண்ணி உழைக்கின்றன என்ற கருத்தை 2006-இல் பிராஸ்கோட், கெரின், தேயர் என்ற மூன்று ஆய்வாளர்கள் முன்வைத்தனர். ஆதலின் இரவில் உறக்கம் கெடுவதற்கும் காலையில் களைப்புடன் எழுவதற்கும் இந்த நினைப்புக்கும் உள்ள உறவைத் தேடுவது வீண் வேலையன்று.

இதே நோக்கத்தோடு 2007-இல் ஜெர்மானிய அறிஞர் சபீன் சொன்னென்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் என்னும் மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து 16 வினாக்கள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார். உழைத்துக் களைத்த மனம் எவ்வாறு தேறுகிறது என்பதை அது நான்கு வகையாகக் கேட்கிறது: வேலையை மறந்திருத்தல், இளைப்பாறுதல், புதியதொன்றைக் கற்று வெல்லுதல், தன் நேரத்தைத் தானே ஆளுதல். இந்தப் படிவத்தை ஸ்பெயின் நாட்டுத் தொழிலாளரிடையே பயன்படுத்துவதற்காக, அனா சான்ஸ் வெர்ஹெல் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்து, சரிபார்த்து, 2010-இல் ‘சைகோதெமா’ என்ற உளவியல் இதழில் வெளியிட்டனர். மூலத்தை ஆக்கிய சொன்னென்டாக் அம்மையாரும் அக்குழுவில் ஒருவராக இருந்தார்.

எங்கோ இருக்கும் ஸ்பெயினுக்கும் முனிர்காவுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். தொடர்பு மிக அண்மையில் உள்ளது. எங்கள் குடியிருப்புக்குச் சிறிது தொலைவில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஸ்பானிய மொழியும் போர்த்துக்கேசிய, இத்தாலிய மொழிகளும் கற்பிக்கும் துறை ஒன்று உண்டு. ஸ்பானியம் பயின்ற மாணவர் ஒருவர் எங்கள் மேல்மாடியில் குடியிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. அவர்தாம் அந்தக் கட்டுரையை எங்களுக்குப் படித்துக் காட்டியவர். படித்துவிட்டு, “வினாக்கள் பதினாறுதானே, ஐயா? நீங்கள் உட்கார்ந்தால் ஒரே மாலையில் தமிழாக்கிவிடலாம். இவர்கள் ஏன் இத்தனை பாடு படவேண்டும்?” என்று கேட்டார். இருபது ஆண்டுகளாகச் சுற்றறிக்கையும் சட்டமுன்வடிவும் மொழிபெயர்த்து வந்த எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அன்று மாலையே எழுதுகோலை எடுத்தோம். மூன்றாம் வினாவிலேயே நின்றுவிட்டோம்.

நின்ற இடங்களைச் சொல்கிறோம்.

ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் இந்த ஓயாத நினைப்பைக் குறிக்க வழங்கும் சொல், மாடு இரை மீட்பதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழிலும் அதே உவமை இருக்கிறது, ‘அசைபோடுதல்’ என்கிறோம். இதைவிடப் பொருத்தமான சொல் வேறு கிடைக்குமா என்று மகிழ்ந்தோம். ஆனால் நம்மவர் எதனை அசைபோடுகின்றனர்? இளமைக் காலத்தை அசைபோடுகின்றனர்; ஊர்த் திருவிழாவை அசைபோடுகின்றனர்; பிரிந்த நண்பரின் பேச்சை அசைபோடுகின்றனர். நம் வழக்கில் அஃது இனிய செயல். “மாலையில் அலுவலக வேலையை அசைபோடுகிறீர்களா?” என்று கேட்டால், வேலையில் நிறைவு கண்ட ஒருவர் ‘எப்போதும்’ என்று மகிழ்ச்சியோடு எழுதுவார். படிவம் அவரை நோயாளிகளின் வரிசையில் சேர்த்துவிடும்! உவமை ஒன்றே, ஆனால் ஒரு மொழியில் அது நஞ்சு, மற்றொன்றில் அது தேன்.

அடுத்தது, விலகியிருத்தல். அகராதி இதற்குப் ‘பற்றின்மை’ என்ற சொல்லை எடுத்து நீட்டுகிறது. அதுவோ துறவியரின் சொல். “நீங்கள் பற்றற்று இருக்கிறீர்களா?” என்று ஓர் எழுத்தரைக் கேட்டால், அடக்கமுடையவர் ‘இல்லை’ என்பார், ஆன்மிகத்தில் நாட்டமுடையவர் ‘ஆம்’ என்பார். வேலை நினைப்பைப் பற்றி இருவருமே ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பின்னர், ‘வேலை’ என்ற சொல்லே தடையாயிற்று. அலுவலகத்தில் செய்வதும் வேலை. வீட்டில் பாத்திரம் துலக்குவதும் வேலை. “ஒரு வேலையாக வந்தேன்” என்றால் அது வேறொரு வேலை. ‘ஓய்வு நேரம்’ என்றோம்; ‘ஓய்வு பெற்றவர்’ என்பதும் அதே சொல். “வேலையைப் பற்றி நினைப்பதே இல்லை” என்ற எதிர்மறை வாக்கியத்தைப் படித்துக் காட்டினால், “ஆமாம்” என்று ஒருவர் சொல்வது ‘ஆமாம், நினைப்பதில்லை’ என்பதா, ‘ஆமாம், நினைக்கிறேன்’ என்பதா? எழுதிக்கொள்பவர் தம் விருப்பம்போல் எழுதிக்கொள்ள இடமுண்டு.

இத்தகைய இடர்ப்பாடுகள் தமிழுக்கு மட்டும் உரியன அல்ல. ஸ்பானிய மொழி இருபது நாடுகளுக்கு மேல் வழங்குகிறது. கணினிக்கு ஸ்பெயினில் ஒரு சொல், மெக்ஸிகோவில் வேறொரு சொல். ஆதலின் மாட்ரிட் நகரத்தாரிடம் சரிபார்த்த படிவம் மெக்ஸிகோ நகரத்தாருக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. அங்கே மீண்டும் பார்த்தாக வேண்டும். தமிழிலும் அப்படித்தான். சென்னையில் ‘ஆபீஸ்’ என்பதை யாழ்ப்பாணத்தார் டச்சுக்காரர் விட்டுச் சென்ற சொல்லால் ‘கந்தோர்’ என்று வழங்கினர். தில்லியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளோ ‘தஃப்தர்’ என்ற இந்திச் சொல்லையும் சேர்த்துப் பேசுகின்றனர். எந்தத் தமிழரை நோக்கிக் கேட்கிறோம் என்பது தெரியாமல் கேள்வி எழுதுவது, முகவரி எழுதாமல் கடிதம் போடுவது போன்றதே.

இனி, மொழிபெயர்ப்பு எவ்வாறு சரிபார்க்கப்படுகிறது என்பதைப் பார்ப்போம். முதலில், ஒருவரோடொருவர் கலந்து பேசாமல் இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். பிறகு, மூலத்தைக் கண்ணாலும் காணாத மூன்றாம் ஆள் ஒருவர் அதனை மூலமொழிக்கே திருப்பிப் பெயர்க்க வேண்டும். 1970-இல் ரிச்சர்டு பிரிஸ்லின் என்பவர் இம்முறையை விளக்கி எழுதினார். திரும்பி வந்தது புறப்பட்டதோடு ஒத்திருந்தால் ஓரளவு நம்பலாம். ஓரளவுதான், ஏனெனில் சொல்லுக்குச் சொல் வைத்த கரடுமுரடான மொழிபெயர்ப்பு மிக நன்றாகத் திரும்பி வந்துவிடும்! ‘அசைபோடுதல்’ என்ற சொல்லும் பழுதின்றித் திரும்பி வந்திருக்கும். ஆகவே, படிவத்தைப் பொதுமக்கள் சிலரிடம் கொடுத்து, “இந்த வினா உங்களுக்கு என்ன பொருள் தருகிறது? ஏன் இந்த விடையைத் தேர்ந்தீர்கள்?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிய வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் தருக்கு அடங்கும் இடம் அதுதான்.

இந்தப் பணியில் நம் நாட்டுக்கும் ஒரு சிறந்த பங்கு இருந்தது. 1990-களில் உலக சுகாதார நிறுவனம், மக்கள் தம் வாழ்வின் தரத்தைத் தாமே எப்படி மதிக்கின்றனர் என்பதை அறிய ஒரு படிவம் அமைக்கத் தொடங்கியது. ஒரு நாட்டில் எழுதிப் பிற நாடுகளுக்குப் பெயர்த்து அனுப்பும் பழைய வழியை விட்டு, உலகின் 15 மையங்களில் ஒரே வேளையில் தொடங்கினர். அவற்றுள் புது தில்லி ஒன்று, சென்னை ஒன்று, ஸ்பானியம் வழங்கும் பார்சிலோனா ஒன்று, பனாமா ஒன்று. அந்தந்த ஊர் மக்களைக் கூட்டிவைத்துப் பேசி, அந்தந்த மொழியிலேயே வினாக்களை எழுதி, பின்னர் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தனர். முதலில் சோதித்துப் பார்த்தவை 236 வினாக்கள். தேறி நின்றவை 100. அவற்றிலிருந்து பின்னர் 26 வினாக்களைக் கொண்ட சுருக்க வடிவும் வந்தது. அதன் வழித்தோன்றல்கள் இன்று பல மொழிகளில் பயன்படுகின்றன.

அந்தப் பணியில் எங்களை மிகவும் கவர்ந்தது ஒரு சிறு செயல். விடைச் சொற்களைத் தேர்ந்த விதத்தைச் சொல்கிறோம். ‘ஒருபோதும் இல்லை’, ‘எப்போதும்’ என்று இரு முனைகள். இடையில் எந்தச் சொற்களை வைப்பது? ‘எப்போதாவது’, ‘சில சமயம்’, ‘அவ்வப்போது’, ‘பல சமயம்’, ‘அடிக்கடி’ என்று சொற்கள் பல இருக்கின்றன. எது பாதி, எது முக்கால் என்று அகராதி கூறாது. ஆகவே பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள கோடு ஒன்றை வரைந்து பொதுமக்களிடம் கொடுத்தனர். “இந்தச் சொல் இந்தக் கோட்டில் எங்கே நிற்கும்? ஒரு குறி போடுங்கள்” என்றனர். காலிடத்திலும் பாதியிடத்திலும் முக்காலிடத்திலும் வந்து நின்ற சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டனர். மொழியை ஆளுவது புலவர் அல்லர், பேசும் மக்களே என்பதற்கு இதைவிட நேரிய வழிபாடு வேறென்ன வேண்டும்?

சொற்கள் சரியான பின்னர்தான் எண்களின் சோதனை தொடங்குகிறது. மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூட்டையை இன்று நிறுத்தாலும் அடுத்த வாரம் நிறுத்தாலும் ஒரே எடை காட்ட வேண்டும். இதற்கு நம்பகத்தன்மை என்று பெயர். இதன் பொருட்டு, அதே மக்களிடம் சில வாரம் கழித்து அதே படிவத்தைக் கொடுத்துப் பார்ப்பர். ஒரு பிரிவின் வினாக்கள் எல்லாம் ஒரே பொருளைத்தான் கேட்கின்றனவா என்பதையும் பார்ப்பர். 1951-இல் லீ குரோன்பாக் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு ஒரு கணக்கை எடுத்துரைத்தார். அதன் பெயர் ஆல்ஃபா. ஐந்து வினாக்களும் ஒரே குரலில் பேசினால் அந்த எண் ஒன்றை நெருங்கும், பொதுவாக 0.70-க்குக் குறைந்தால் ஆய்வாளர் முகம் சுளிப்பர்.

ஆனால் தராசு மாறாமல் ஒரே எடையைக் காட்டுவது மட்டும் போதுமா? முள் வளைந்த தராசும் நாள்தோறும் ஒரே பொய்யைச் சொல்லும். ஆதலின் ஏற்புடைமை என்ற இரண்டாம் சோதனையும் வேண்டும். அஃதாவது, எதனை அளப்பதாகச் சொல்கிறோமோ அதனைத்தான் அளக்கிறோமா என்பது. மூலமொழியில் நான்கு பிரிவாக நின்ற வினாக்கள் புதிய மொழியிலும் நான்காகவே பிரிந்து நிற்கின்றனவா என்று கணித்துப் பார்ப்பர். ஸ்பானிய வடிவில் அவை நான்காகவே நின்றன. வேலை நினைப்பு மிகுந்தவர் என்று படிவம் காட்டுபவர்கள் உண்மையிலேயே குறைவாக உறங்குகின்றனரா, மிகுதியாகக் களைக்கின்றனரா என்று வேறு அளவுகளோடும் ஒப்பிடுவர். இத்தனையும் நிறைவேறிய பிறகே, “இந்தப் படிவம் இந்த மொழி பேசும் மக்களுக்குச் சரிபார்க்கப்பட்டது” என்று ஒரு வரி எழுதுவர். அந்த ஒரு வரிக்காக நூற்றுக்கணக்கான மக்கள் தம் மாலை நேரத்தைத் தந்திருக்கின்றனர்.

முனிர்காவில் நாங்கள் செய்தது ஆய்வு அன்று. ஆசை பற்றிய முயற்சி. எங்கள் தமிழ் வரிகளை அக்கம்பக்கத்தாரிடம் படித்துக் காட்டினோம், அவ்வளவே. கணினி நிறுவனத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், “அமெரிக்காக்காரனுக்கு அப்போதுதான் காலை, சார். என் வேலை நேரம் முடிந்த பிறகு என்று கேட்டால் எந்த மணியைச் சொல்ல?” என்றார். வாயிற்காவலராக இருக்கும் சேலத்துப் பெரியவர், “சிந்தனை, விலகல் எல்லாம் எனக்கு விளங்கலைங்க. ஆனா ராத்திரி படுத்தா, மேஸ்திரி சொன்ன ஒரு சொல்லு மண்டையைக் குடைஞ்சுகிட்டே இருக்கும். அதைத்தான் கேக்கறீங்களா?” என்றார். அதைத்தான் கேட்டோம்! மூன்று அகராதிகளில் கிடைக்காத சொல் அவர் வாயில் இருந்தது. ‘அசைபோடுதல்’ என்று எழுதியதை அடித்துவிட்டுக் ‘குடைதல்’ என்று எழுதினோம்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து, இருபது ஆண்டுகளாகத் தில்லியில் வீட்டு வேலை செய்து பிழைக்கும் அம்மையார் ஒருவரிடமும் படித்துக் காட்டினோம். காலையில் மூன்று வீடு, மாலையில் இரண்டு வீடு, பிறகு தம் வீடு. “வேலை முடிந்த பின் வேலையைப் பற்றி நினைப்பதுண்டா?” என்ற வினாவைக் கேட்டவுடன் அவர் சிரித்துவிட்டார். “முடிஞ்சாத்தானே சார், அதை நினைக்கிறதுக்கு?” என்றார். எங்கள் படிவத்தில் அவருக்கு ஏற்ற கட்டம் இல்லை. ‘ஒருபோதும் இல்லை’ என்று குறித்தால், கவலையற்ற மனிதர் என்று கணக்கு கூறும். உண்மையோ நேர்மாறானது. அலுவலகம் ஓரிடம், வீடு ஓரிடம், இடையில் ஒரு கதவு என்று வாழ்பவர்களை நினைத்து எழுதப்பட்ட வினா, அந்தக் கதவே இல்லாதவரிடம் வந்து ஊமையாகிவிட்டது. இதற்குச் சொல்லைத் திருத்தினால் போதாது. வினாவையே புதிதாக எழுத வேண்டும். சரிபார்த்தல் என்பதன் முழுப் பொருள் எங்களுக்கு விளங்கியது அந்தச் சிரிப்பில்தான்.

கடைசியாக நாங்களே விடை எழுதிப் பார்த்தோம். வீட்டில் இருக்கும்போது பணி நினைவால் எரிச்சல் கொள்வதுண்டா என்ற வினாவுக்கு ‘எப்போதாவது’ என்று குறித்தோம். துணைவியார் அதை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எழுதுகோலை எடுத்து, அந்தக் குறியைக் கோட்டின் முக்கால் பங்குக்கு நகர்த்தி வைத்தார். தன் மனத்தைத் தானே அளப்பவன் தராசில் கட்டைவிரலையும் சேர்த்து வைக்கிறான் என்பது இப்படிவங்கள் அனைத்துக்கும் உள்ள குறை. ஆய்வாளரும் அதனை அறிந்தே இருக்கின்றனர்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு நினைப்பை அளப்பானேன் என்று கேட்கலாம். அளந்தால்தான் பேச முடியும் என்பதே விடை. நம் அரசு 2019 ஜனவரி முதல் டிசம்பர் வரை மக்களின் நேரச் செலவைப் பற்றி நாடளாவிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. அதிகாலை நான்கு மணி முதல் மறுநாள் நான்கு மணி வரை, அரை மணிக்கு அரை மணி என்ன செய்தீர்கள் என்று ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களில் கேட்டறிந்தது. கைகள் என்ன செய்தன என்பது அதில் பதிந்தது. இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் கேட்டிருந்தால் ‘குடும்பத்தாருடன் பேச்சு’ என்று பதிந்திருக்கும். அந்த நேரத்தில் மனம் எங்கிருந்தது என்பதைப் பதிய அதில் கட்டம் ஏது?

பிற நாடுகளில் சட்டமும் இதில் தலையிட்டிருக்கிறது. பணி நேரத்துக்குப் பின் அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பற்றிய விதி பிரான்ஸில் 2017 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஸ்பெயினில் 2018 டிசம்பரில் வந்த ஒரு சட்டத்தின் 88-ஆம் பிரிவு அதே உரிமையைத் தொழிலாளர்க்கும் அரசு ஊழியர்க்கும் வழங்கியது. அதே டிசம்பரில் நம் மக்களவையிலும் சுப்ரியா சூலே அம்மையார் இந்தப் பொருள் பற்றித் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. சட்டம் வந்தால் இரவில் வரும் தொலைபேசி அழைப்பை நிறுத்தலாம். ஆனால் அழைப்பே வராத இரவிலும் மண்டையைக் குடையும் சொல்லை எந்தப் பிரிவு நிறுத்தும்? சட்டம் செய்த நன்மை எவ்வளவு, செய்யாமல் விட்டது எவ்வளவு என்று காண்பதற்கும் நம்பத்தகுந்த படிவம் வேண்டும். அது தமிழரைக் கேட்கும்போது, தமிழர் பேசும் தமிழில், அவர்கள் வாழும் வாழ்க்கையை அறிந்து கேட்க வேண்டும்.

ஆகவே, நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், என்றேனும் ஓர் ஆய்வாளர் படிவத்தோடு உங்கள் வாயிலில் வந்து நிற்கலாம். நேரமில்லை என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். வினா விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். உங்கள் வாழ்வுக்கு ஏற்ற கட்டம் அதில் இல்லையென்றால், இல்லை என்று துணிந்து சொல்லுங்கள். அவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் அதுதான் நீங்கள் அவருக்குச் செய்யும் பேருதவி. வீட்டு வேலை செய்யும் அந்த அம்மையாரின் ஒரு சிரிப்பு எங்கள் பதினாறு வரிகளையும் திருத்தியது.

எங்கள் தமிழ்ப் படிவம் இன்னும் முடியவில்லை. முடித்து, முறைப்படி சரிபார்க்கத் தகுதி பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும். அது மொழிபெயர்ப்பாளர் ஒருவரால் ஆவதன்று. ஆனால் வீட்டில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. இரவு எட்டு மணிக்கு எங்கள் மகள் வந்து எதிரில் அமர்ந்துகொள்கிறாள். பாட்டி பேசி முடித்தவுடன், “இன்று பாட்டி சொன்ன மூன்று செய்தி என்னப்பா?” என்று கேட்கிறாள். முதல் வாரம் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. இப்போது பெரும்பாலான நாட்களில் இரண்டு வந்துவிடுகின்றன. நேற்று மூன்றும் வந்தன: முருங்கை காய்த்திருக்கிறது, அடுத்த வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கின்றனர், கால் வலி முழுவதும் போய்விட்டது.